பச்சை அரைத்த ஜாடி

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பால் பொங்கியது உண்மைதான். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாததற்குக் காரணம், அது போனில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை. "நிக்காஹ் முடிஞ்சதும் சஃபியாவ வேலய விட்டுட்டு ஹைதராபாத்துக்கு வரச் சொல்லலாமாம்மா? ஒங்களுக்கும் இதே மாதிரி ஒரு நெலம வந்துச்சுல்ல? நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாய். உன் வேலை கம்ப்யூட்டரில் நடக்கிறது. அது எந்த ஊருக்கும் வரும். சஃபியா இங்கே விருத்தாசலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அதை ஒரு பெட்டியில் வைத்து ரயிலில் ஏற்ற முடியாது. அதனால்தான் நீ தயங்குகிறாய் என்பது எனக்குப் புரிகிறது. தயங்குவது நல்லதுதான். நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கும் உன் அத்தாவுக்கும் நடந்தது தெரியும். அதில் பாதியை நீ பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆனால் பால் பல் விழாத வயசு. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அப்போது நான் சென்னையில், கால்நடைகளுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். உன் அத்தா சார்ஜாவில் டைல்ஸ் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, இங்கே பீங்கான் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு சூளை போட்டிருந்தார். ஃபியூஸ் கட்டை, கப்பு, சின்னச் சின்ன பொம்மை எல்லாம் செய்தார்கள். நீயும் நானும் சென்னையில், அவர் இங்கே. சனிக்கிழமை ரயில் ஏறி வருவோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவோம். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், "செல்லுக்கு சோறு ஆக்குறேன்" என்று சொல்வேன். விளையாட்டுக்குச் சொன்னாலும் அதுதான் விஷயம். ஆட்டுக்கு வரும் நோய்க்கிருமியைப் பெருக்கினால்தான் தடுப்பூசி செய்ய முடியும். கிருமி தனியாகப் பெருகாது. உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும். அதற்காக ஆட்டுச் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்ப்போம். ஆட்டின் உடம்பிலிருந்து பிரித்துவிட்ட செல்லுக்கு ரத்தம் கொண்டுவந்து கொடுத்த அத்தனையையும் நாம்தான் கொடுக்க வேண்டும். உப்புகள், சர்க்கரை, புரதம் கட்டுவதற்கான அமிலங்கள், வைட்டமின்கள் எல்லாம் சேர்ந்த இளஞ்சிவப்புக் கரைசல் அது. நாங்கள் அதை மீடியம் என்போம். சென்னை வீட்டிலிருந்து விடுமுறை நாளிலும் நான் ஒரு எட்டு போய் மீடியம் மாற்றிவிட்டு வருவேன். "அந்தப் புள்ளைங்களுக்கு ஊட்டிட்டுத்தான் எனக்கு ஊட்டுவீங்களா?" என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு நீ கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது, ஏனென்றால் நான் சிரித்துச் சிரித்து உனக்குப் புரை ஏறும்படி ஊட்டிவிட்டேன்.

அந்த மீடியத்தோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டியிருந்தது. அதுதான் சீரம். சினை மாட்டை அறுக்கும்போது வயிற்றிலிருக்கும் கன்றின் ரத்தத்தை எடுத்து, உறையவைத்து, மேலே தெளியும் நீரைப் பிரிப்பார்கள். செல்கள் வளர்வதற்கு என்னென்ன வேண்டும் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாத காலத்தில், இதைக் கொஞ்சம் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன். என் அத்தா மங்கலம்பேட்டையில் கறிக்கடை வைத்திருந்தவர், உனக்குத் தெரியும். அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ரத்தம் எனக்குப் புதுசு இல்லை. ஒரு பெருநாளைக்கு ஊருக்கு வந்திருந்தபோது அத்தா என்னிடம், "அந்த ரோசாப்பூ கலரு தண்ணியில என்னம்மா ஊத்துறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "சினை ஆட்ட நான் அறுக்க மாட்டேன், தெரியும்ல? வயித்தத் தடவிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிருவேன்," என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. அவர் வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்று ரயிலில் சென்னை வரைக்கும் அது என்னோடு வந்தது. சீரம் இல்லாமல் செல் வளர்க்கும் மீடியம் ஒன்று செய்ய வேண்டும் என்று நான் தீர்மானித்தது அந்தப் பயணத்தில்தான். நல்ல எண்ணம் மட்டும் காரணம் இல்லை. சீரம் ஒரு தடவை வருவதுபோல் மறுதடவை வராது. ஒவ்வொரு கன்றின் ரத்தமும் ஒரு விதம். அதை நம்பி வேலை செய்வது எரிச்சலான காரியம். இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தள்ளியது.

முதல் சிக்கல் சீரத்தில் இல்லை, பொடியில். மீடியம் வெளிநாட்டிலிருந்து பொடியாக வரும், தாமதமாக வரும், சில சமயம் கட்டிதட்டி வரும். நாமே செய்வோம் என்று ஆரம்பித்தேன். உப்பு கைநிறைய, வைட்டமின் ஊசிமுனை அளவு. இரண்டையும் மிக்ஸியில் அரைத்தாலும் உரலில் இடித்தாலும் ஒரே சீராகக் கலக்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்தால் செல்கள் செழித்தன. அதே டப்பாவில் இன்னொரு சிட்டிகை எடுத்தால் சோர்ந்தன. ஒரு சனிக்கிழமை உன் அத்தாவிடம் புலம்பினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நாங்க ஒரு மூட்ட வெள்ள மாவுல ஒரு கையளவு கலரு எப்படிக் கலக்குறோம்னு நெனைக்கிற? வா," என்று கூட்டிப் போனார். குண்டு போட்டு அரைக்கும் 'பால் மில்' எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கவைத்த பெரிய பீங்கான் ஜாடி, உள்ளே பீங்கான் குண்டுகள், மோட்டார் அதை உருட்டிக்கொண்டே இருந்தது. குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விழுந்து எல்லாவற்றையும் ஒரே பொடியாக்கிவிடும். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஒருநாளும் என் வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைத்ததில்லை. அவருக்கும் அதுவரை என் பொடியைப் பற்றித் தெரியாது, நான் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம்.

ஒரு ஜாடியை எங்களுக்கென்று ஒதுக்கினார். கழுவினோம், காயவைத்தோம், சூளை ஓரத்தில் சுடவைத்தோம். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை வந்தது. மீடியத்தில் கோலின் என்று ஒன்று போடுவோம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழைந்துவிடும். ஐப்பசியில் ஜாடியைத் திறந்தால் பொடிக்குப் பதிலாகச் சப்பாத்தி மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உன் அத்தா ஓர் அறையை அடைத்து, ஏசி போட்டு, காற்றை உலர்த்திக் கொடுத்தார். வேலைக்காரர்கள் "முதலாளியம்மா ஹார்லிக்ஸ் அரைக்கிறாங்க" என்று பேசிக்கொண்டார்கள். பொடி நன்றாக வந்தது. எந்த மூலையில் சிட்டிகை எடுத்தாலும் ஒரே மாதிரி வந்தது. சீரம் சேர்த்துச் செல்களை வளர்த்தேன். வாங்கிய பொடியைவிட ஒரு படி மேலாகவே வளர்ந்தன. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் மகிழ்ந்துபோய் எல்லா வேலைக்கும் இதையே எடுக்கச் சொன்னார். வேறொரு ஊரில் இருந்த தடுப்பூசி நிலையமும் ஒரு டிரம் வாங்கிக்கொண்டது. அந்த மாதங்களில்தான் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மீடியம் உருவாக்கும் பிரிவுக்கே தலைமை. நல்ல கட்டடம், நல்ல கருவிகள், எனக்குக் கீழே ஆட்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன்.

யோசித்துக்கொண்டே சீரத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் குறைத்தேன், செல்கள் பொறுத்துக்கொண்டன. இன்னும் குறைத்தேன். ஒரு காலையில் பாட்டிலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தரையோடு ஒட்டிப் பரந்து கிடக்க வேண்டிய செல்கள் எல்லாம் உருண்டு திரண்டு மேலே மிதந்தன. செத்துப்போயிருந்தன. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. வாங்கிய பொடியில் அதே அளவு சீரம் விட்டால் மெலிந்துபோனாலும் உயிரோடு நின்றன. நம் பொடியில் மட்டும் சாவு. என் கை சுத்தமில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், பாட்டில் கழுவும் சோப்பைச் சந்தேகப்பட்டேன், பல வாரங்கள் போயின. எனக்கு இந்த வேலை வராது போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். கடைசியில், அதே சாமான்களை எடுத்து, அரைக்காமல், ஒவ்வொன்றாக நேராகத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். செல்கள் பிழைத்துக்கொண்டன. அப்படியென்றால் சாமானில் குற்றமில்லை. அரைத்ததில் ஏதோ சேர்கிறது. இவ்வளவு நாள் தெரியாமல் போனதற்குக் காரணம் சீரம். அதிலிருக்கும் புரதம், கரைசலில் ஏதாவது உலோகம் கலந்திருந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு செல்லை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். சீரம் இருந்தவரை கோளாறு வெளியே தெரியவில்லை. அதைக் குறைத்ததும் தெரிந்துவிட்டது.

இதை உன் அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கவலை. மனுஷன் அந்த ஜாடியைத் தன் கையால் தேய்த்துக் கழுவியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "மச்சான், ஒன்னு சொல்லணும். மனசு சங்கடப்படக் கூடாது," என்றேன்.

"சொல்லு."

"செல்லு சாவுறது ஜாடியாலதான். அரைக்காம கரைச்சா பொழைச்சுக்குது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஜாடியை வெயிலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், கையைவிட்டுக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுல முன்னாடி பச்சைக் கலரு அரைச்சோம்," என்றார். "பொம்மைக்கு. மேல சுத்தமாத்தான் இருக்குது. உள்ளாற எறங்கியிருக்கும். குண்டு விழுந்து விழுந்து ஜாடி தேயுது பாரு, தேயத் தேய அதுவும் கூட வருது." பச்சைக்குச் செம்புதான் போடுவார்கள். நீர்த்த அமிலத்தை ஜாடியில் ஊறவைத்து, ஒரு பாட்டிலில் பிடித்து என்னிடமே கொடுத்தார்: "சோதிச்சுப் பாரு. நான் சொல்றேன்னு நம்பாத." சோதித்தோம். செம்புதான். ஃபியூஸ் கட்டைக்கு ஒன்றும் ஆகாத அளவு. செல்லுக்கு விஷம்.

நான் எதிர்பார்த்தது, புது ஜாடி செய்வோம் என்று சொல்வார் என்று. அவர் கேட்டது வேறு. "இதுவரைக்கும் இந்தப் பொடிய யார் யாருக்குக் குடுத்திருக்கோம்?" என் ஆய்வுக்கூடம், அந்தத் தடுப்பூசி நிலையம். நிலையத்தின் தலைவருக்குப் போன் போட்டேன். அவர் நிம்மதியாகச் சொன்னார்: "மேடம், நாங்க சீரம் ஊத்தித்தான் வளக்குறோம். எங்க செல்லு அமோகமா இருக்குது. எதுக்குத் திருப்பி எடுக்குறீங்க?" நான் போனைக் கையால் மூடிக்கொண்டு உன் அத்தாவைப் பார்த்தேன். அவர் சொன்னார், "இன்னிக்கு ஊத்துறாங்க. நாளைக்கு அவங்களும் கொறைச்சுப் பாப்பாங்க. அப்ப செத்துப்போனா, தன் கைதான் சரியில்லன்னு எவளோ ஒருத்தி ஒக்காந்து அழுதுகிட்டு இருப்பா. நீ இருந்த மாதிரி." அவ்வளவு வாரம் நான் என்ன பாடு பட்டேன் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மறுநாளே டிரம்மைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். பொடியை எல்லாம் கொட்டினோம். பெங்களூருக்கும் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். எங்கள் பொடியைப் பார்த்துத்தானே கூப்பிட்டார்கள். கோளாறைக் கண்டுபிடித்த விதம் நன்றாக இருக்கிறது, நீங்கள் வாருங்கள் என்றார்கள்.

இப்போது நீ கேட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் சென்னை ரயிலுக்காக நின்றோம். நீ பெஞ்சில் சுண்டல் தின்றுகொண்டிருந்தாய். "வா" என்றோ "போகாதே" என்றோ உன் அத்தா சொல்லவில்லை. "ஒன் வேலைக்கு என்னென்ன வேணும்? நீ எங்க இருந்தாலும் அது இல்லாம முடியாதுன்னு எதெது இருக்குது? ஒன்னு ஒன்னா சொல்லு," என்றார். தூசி இல்லாத அறை வேணும் என்றேன். பீங்கான் தொழிற்பேட்டையில அது முடியாது, ஆனா டவுன்ல மாடி வாடகைக்குப் பிடிச்சு ரெண்டு கதவு போட்டுக் குடுக்கலாம் என்றார். கரன்ட் நிக்காம வேணும் என்றேன். ஜெனரேட்டர் போடலாம். செல்களை உறையவைத்து வைக்கத் திரவ நைட்ரஜன் வேணும், அது மெட்ராஸை விட்டா எங்க கிடைக்கும் என்றேன். அவர் சிரித்தார். "மாட்டு டாக்டரு சினை ஊசிய எதுல வச்சிருக்காரு? புகை வர்ற கேன்ல. அதே வண்டி நமக்கும் வரும்." அது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு, கூடப் படித்தவர்கள், இந்த வேலை தெரிந்தவர்கள், சந்தேகம் வந்தால் பேசுவதற்கு ஆள் வேணும் என்றேன். அதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இங்க இல்ல. என்னால அதக் குடுக்க முடியாது," என்றார். பூசி மெழுகவில்லை. கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "பெங்களூருதான் சரின்னு ஒனக்குப் பட்டா, கம்பெனிய என் தம்பிகிட்ட விட்டுட்டு நானும் வரேன். பேச்சுக்குச் சொல்லல, யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். நீ பாத்து முடிவு பண்ணு." ரயில் வந்துவிட்டது. உன்னைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

பெங்களூர்க்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சீரம் இல்லாத மீடியத்தை எப்போது ஆரம்பிப்பீர்கள்? முதலில் சந்தை, அது பிறகு என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். எனக்கு அந்தப் 'பிறகு' பிடிக்கவில்லை. விருத்தாசலம் வந்தேன். கணவர் கூப்பிட்டதற்காக வரவில்லை, அவர் கூப்பிடவே இல்லை. இங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துகொண்டு வந்தேன். அதனால்தான் பின்னால் எத்தனையோ தடவை சலிப்பு வந்தபோதும் அவரைச் சுட்டிக்காட்ட எனக்கு விரல் நீளவில்லை.

புது ஜாடி அவ்வளவு எளிதாக வரவில்லை. கலர் படாத வெள்ளை மண்ணில், அலுமினா கூடுதலாகச் சேர்த்து, அதிகச் சூட்டில் சுட வேண்டும். முதலில் சுட்டவை விரிசல் விட்டன. ஒன்று சூளையைத் திறக்கும்போது முழுசாக இருந்து, கையில் எடுத்ததும் இரண்டாகியது. உடையாமல் வந்த முதல் ஜாடியை உன் அத்தா துணி சுற்றி வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தார், பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவது மாதிரி. அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பமானது. சீரத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தேன். இன்சுலின், இரும்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதம், துளியிலும் துளி செலினியம். செலினியம் என்றதும் உன் அத்தா பயந்துவிட்டார். "அது செவப்புக் கலருக்குப் போடறதாச்சே. வெஷம்ல?" ஆமாம், கூடினால் விஷம், அந்தத் துளி இல்லாவிட்டாலும் செல் நிற்காது என்றேன். பச்சையால் பட்டது போதாதென்று சிவப்பை நீயே ஊற்றுகிறாயா என்று அவர் என்னைக் கேலி செய்தார். செல்களும் உடனே பழகவில்லை. தாய்ப்பாலை மறக்கவைப்பது மாதிரி கொஞ்சம் குறைத்து, நிறுத்தி, அழவிட்டு, மறுபடி கொஞ்சம் குறைத்து, இப்படித்தான் பழக்கினேன். நீ ஒன்றாம் வகுப்பு முடித்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாய். ஒரு செவ்வாய்க்கிழமை, சீரம் ஒரு சொட்டும் காணாத பாட்டிலில் செல்கள் தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தன. அதே செல்களைப் பிரித்து அடுத்த பாட்டிலுக்கு மாற்றினேன். அங்கேயும் பிடித்துக்கொண்டன. அதற்கடுத்ததிலும்.

மங்கலம்பேட்டை பஸ் பிடித்து என் அத்தாவிடம் சொல்லப் போனேன். கடையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார், காது மந்தம். சத்தமாகச் சொன்னேன். "அப்ப சினை மாட்டுக்கு இதுல வேல இல்லயா?" என்று கேட்டார். "எங்க பாட்டில்ல இல்லத்தா. மத்த எடத்துல இருக்குது," என்றேன். தலையை ஆட்டினார். "ஒங்க பாட்டில்ல இல்லல்ல?" என்று மறுபடி ஒரு தடவை கேட்டுக்கொண்டு, எனக்கு டீ போடச் சொன்னார். நான் அவரிடமிருந்து எந்தப் பாராட்டையும் எதிர்பார்த்துப் போகவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு நீ போன் செய்தால் எதிர்முனையில் கேட்கிற இரைச்சல் நம் மாடியில் ஓடும் அந்தப் பால் மில்தான். தூசி வராத அளவுக்கு அதற்கும் ஓர் அறை கட்டியாயிற்று. சில தடுப்பூசி நிலையங்கள் நம் பொடியை வாங்குகின்றன. கம்மாபுரத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னைவிட வேகமாகச் செல் பிரிக்கிறார்கள். பெங்களூர் போயிருந்தால் என் பெயர் இன்னும் நாலு இடத்தில் தெரிந்திருக்கும். என்னோடு படித்தவர்கள் மாநாடு மாநாடாகப் போனபோது பொறாமையாகத்தான் இருந்தது. பேச ஆள் இல்லாத குறை கடைசிவரை தீரவில்லை. உன் அத்தா சொன்னபடியே ஆயிற்று. ஆனால் காலையில் மாடி ஏறி, இன்குபேட்டர் கதவைத் திறந்து, இளஞ்சிவப்பு மாறாமல் வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்க்கும்போது வேறெங்கும் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை. இது நிஜம். உன்னைத் தேற்றுவதற்காக எழுதவில்லை.

நீ குடித்தனம் வைக்கப்போகிறாய், அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன். மீடியத்தை மாற்றும்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பழசை முழுசாக உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். செல்கள் நெருக்கமாக இருந்தால் தாங்கும். கொஞ்சமாக, தனித்தனியாக இருந்தால் செத்துப்போகும். அவை தாமே சுரந்து வைத்ததையும் நாம் சேர்த்து எடுத்துவிடுகிறோம். அதனால் பாதியை விட்டுவைத்துத்தான் புதுசை ஊற்றுவோம். ஹைதராபாத்தில் உங்கள் வீட்டில் எல்லாம் புதுசாகத்தான் இருக்கும், அடுப்பிலிருந்து அக்கம்பக்கம் வரை. அவளுடைய பாதி அவளிடம் இருக்கும்படி பார்த்துக்கொள். அது என்ன பாதி என்பது எனக்குத் தெரியாது.

நேற்று சஃபியா வந்திருந்தாள். துணி எடுத்துவிட்டு வரும் வழியில், பயிற்சி நிலையத்தில் ஒரு பிள்ளை அவளை 'டீச்சர்' என்று முதல் தடவையாகக் கூப்பிட்டதைச் சொல்ல மாடி ஏறி வந்தாள். காது கேட்காத பிள்ளை. அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மாதம் உழைத்தாள் என்று சொன்னாள். மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அசையாம இருக்குதே, இது உயிரோட இருக்குதுன்னு எப்படிங்க மாமி தெரிஞ்சுக்கிறீங்க?" என்று கேட்டாள். ஒட்டிக்கொண்டிருந்தால் உயிரோடு இருக்கிறது என்றேன். பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஹைதராபாத்தப் பத்தி தம்பி ஒங்கிட்ட என்னம்மா சொன்னான்?" என்று கேட்டுவிட்டேன்.

"வீடு பாத்ததச் சொன்னாங்க. பால்கனி இருக்குதாம், வெயில் நல்லா வருமாம். என் வேலயப் பத்தி எதுவும் கேக்கலங்க மாமி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல், "கேட்டா சொல்லுவேன்," என்றாள்.

என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அது என்னிடம் சொல்ல வேண்டிய பதில் இல்லை. மகனே, நீ என்னைக் கேட்டாய், உன் அத்தாவைக் கேட்டாய், உன் கூட்டாளிகளையும் கேட்டிருப்பாய். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நல்ல வாழ்க்கையைத் தருவான். வெள்ளிக்கிழமை அவளுக்கு அரை நாள்தான் வேலை, மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பாள். அவளுக்குப் போன் செய்.

உன் அம்மா
விருத்தாசலம்